எச்-4 விசாவில் இருக்கிறேன். மாலை வகுப்பை நடத்தச் சொல்கிறார்கள், நடத்தலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். வயது 36. புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். பி.இ. முடித்துச் சென்னையில் ஆறு வருடம் ஐ.டி. வேலை பார்த்தார். 2019இல் கணவரோடு எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசா வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில், அமெரிக்கா வந்தார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் மாலை வகுப்புகளில் ஜனவரி முதல் தன்னார்வலராக உதவி வருகிறார். செவ்வாய்க்கிழமை பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு. வியாழக்கிழமை ஜி.இ.டி. வகுப்பு, அதாவது பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தேர்வுக்குத் தயாராகும் வகுப்பு.

பிப்ரவரி கடைசியில் வியாழக்கிழமை ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர் வரும் வரை நீங்களே நடத்துங்கள் என்கிறார் ஒருங்கிணைப்பாளர். பெட்ரோலுக்கு என்று சொல்லி வாரம் 75 டாலர் பரிசு அட்டையும் கொடுத்திருக்கிறார். இரண்டு அட்டைகள் பிரிக்கப்படாமல் சமையலறை இழுப்பறையில் கிடக்கின்றன. "விசாவுக்கு ஆபத்து, போவதையே நிறுத்து" என்பது கணவரின் பேச்சு.

இதற்கிடையில் இன்னொரு வேதனை. ஈக்வடாரிலிருந்து வந்த 52 வயது அம்மா, ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர், கணக்கில் 142 வாங்கித் தவறிவிட்டார். தேற 145 வேண்டும். அவரைத் தேற்றுவதற்காக, "இது ரொம்ப ஈஸி, ஆறாவது படிக்கும் என் பையனே போடுவான், நான் குறுக்கு வழி சொல்லித் தருகிறேன்" என்றிருக்கிறார் நம் சகோதரி. அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மா வரவில்லை.

"என் அம்மா 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பாடம் சொன்னவர். அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை. நம் ஊர் இங்கிலீஷ் பேசும் நான் இவர்களைக் கெடுக்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

விட வேண்டாம். ஆனால் வியாழக்கிழமை வகுப்பை நீங்கள் நடத்தவும் வேண்டாம். பதினெட்டு வருடமாகப் பெரியவர்கள் கல்வித் திட்டங்களில் ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் பதிலை யோசிக்காமலே சொல்ல முடிகிறது. உங்கள் இடம் மாணவருக்குப் பக்கத்து நாற்காலி. கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்பது விசா விஷயத்திலும் உங்களைச் சிக்க வைக்கும், அந்த அம்மா விஷயத்தில் நடந்த தவறையும் பெரிதாக்கும்.

விசாவும் பரிசு அட்டையும்

கணவரின் பயத்தில் பாதி சரி, பாதி சரியில்லை. எச்-4இல் இருப்பவர் தொண்டு செய்யக் கூடாது என்று சட்டம் இல்லை. கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அந்த அமைப்பு அரசு அமைப்பாகவோ லாப நோக்கம் இல்லாத தொண்டு நிறுவனமாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, நீங்கள் செய்வது வழக்கமாகத் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். மூன்றாவது, அதற்குக் கைம்மாறாக நீங்கள் எதையும் வாங்கக் கூடாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஜனவரியில் நீங்கள் தொடங்கிய வேலை இந்த மூன்றுக்கும் பொருந்தியது. இப்போது உங்களிடம் கேட்பது பொருந்தவில்லை. சம்பளம் வாங்கிய ஒருவரின் வேலை அது. அதை அதே நாளில், அதே நேரத்தில், முழுப் பொறுப்போடு நீங்கள் செய்தால் அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைப்பதால் மட்டும் அது தன்னார்வம் ஆகிவிடாது.

பணமாக வந்தால்தான் சம்பளம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. வாராவாரம் ஒரே தொகைக்கு வரும் பரிசு அட்டை கைம்மாறுதான். "உங்களுக்கு வேலை அனுமதி வந்ததும் சேர்த்துத் தந்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்க்கிங் ரசீதைக் காட்டி அந்தத் தொகையை மட்டும் வாங்கிக்கொள்வது வேறு விஷயம். என்னைக் கேட்டால் உங்கள் நிலையில் அதையும் தவிர்த்துவிடலாம். அனுமதியில்லாமல் வேலை பார்த்தார் என்ற கேள்வி, பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தின்போது எழுந்தால் தலைவலி உங்கள் குடும்பம் முழுவதற்கும்.

ஆகவே அந்த இரண்டு அட்டைகளையும் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுங்கள். கையில் கொடுத்துவிட்டு, "பயன்படுத்தாத இரண்டு அட்டைகளை இன்று ஒப்படைத்தேன்; என் பணி ஊதியமற்ற தன்னார்வப் பணி மட்டுமே" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாமல் திண்டாடுகிறார், உங்களைப் போல ஒருவர் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். விசா விதிகள் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி கொடுக்கும் மனு, ஒப்புதலாகி இரண்டு வருடம் ஆகிறது என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. எச்-1பி வைத்திருப்பவரின் ஐ-140 ஒப்புதலாகியிருந்தால், எச்-4இல் இருக்கும் மனைவியோ கணவரோ ஐ-765 படிவத்தில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க 2015 மே மாதம் முதல் வழி இருக்கிறது. "எச்-4 என்றால் வேலையே கிடையாது" என்று நீங்கள் எழுதியது உங்கள் விஷயத்தில் சரியாக இருக்காது. நான் வழக்கறிஞர் இல்லை. குடியேற்றச் சட்டம் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசுங்கள். கணவரின் கம்பெனி வழக்கறிஞரைக் கேட்டால் போதாதா என்று தோன்றும். அவர் முதலில் பார்ப்பது கம்பெனியின் நலனை. உங்களுக்காக மட்டும் பேசுகிற ஒருவர் வேண்டும். கையில் அனுமதி வந்த பிறகு இதே வகுப்பைச் சம்பளத்துக்கே நடத்தலாம், அன்றைக்கு யாரும் கேட்க முடியாது.

சின்ன வயதில் ஏன் படிக்கவில்லை?

"இவர்கள் அப்போதே ஒழுங்காகப் படித்திருக்கலாமே" என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அப்படி நினைப்பது தப்போ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர் டுடோரியல் கல்லூரி நினைவு வந்திருக்கும்: ப்ளஸ் டூவில் தவறியவர்கள் போகிற இடம், கொஞ்சம் கீழே வைத்துப் பார்க்கப்படும் இடம். அந்தப் படத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஜி.இ.டி. தேர்வே 1942இல், படிப்பைப் பாதியில் விட்டு இரண்டாம் உலகப் போருக்குப் போன சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருப்பவர்களிலும், படிப்பு வரவில்லை என்று விட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வேறொரு அவசரம் வந்து படிப்பைத் தள்ளியிருக்கும்: தம்பி தங்கைகள், கர்ப்பம், அப்பாவின் சாவு, எல்லையைக் கடந்த பயணம். காரணத்தை நீங்களாகக் கேட்க வேண்டாம். குடியேற்ற நிலை பற்றி அறவே கேட்காதீர்கள். அது அலுவலகத்தின் வேலை, உங்கள் வேலை இல்லை. குடியேற்றப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கச் சொன்னால், மனசு இளகினாலும் மறுத்துவிட்டு, இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டுச் சொல்லுங்கள். வகுப்பில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

நேர்மாறான ஆளும் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார். ஹைட்டியில் பள்ளி முடித்து, நர்ஸிங் டிப்ளமோவும் வாங்கிய இளைஞர் ஜி.இ.டி.க்குப் படிக்கிறார் என்கிறீர்களே, அவருக்கு இந்தத் தேர்வு தேவைதானா? வெளிநாட்டில் பள்ளி முடித்தவர்கள் அந்தச் சான்றிதழை இங்கே மதிப்பீடு செய்து வாங்கிக்கொள்ளலாம். உங்கள் பி.இ.க்கு டபிள்யூ.ஈ.எஸ். என்ற நிறுவனத்தின் மதிப்பீடு எடுத்திருப்பீர்களே, அதே வழிதான். பல கல்லூரிகளும் வேலையிடங்களும் அதை ஏற்கின்றன. சான்றிதழ் தொலைந்துபோய், ஊரிலிருந்து வாங்கவும் முடியாமல் ஜி.இ.டி. எழுதுகிறவர்களும் உண்டு, அவர் அந்த நிலையிலா என்று ஆலோசகரிடம் பேசச் சொல்லுங்கள். ஒன்றரை வருட உழைப்பு அவருக்கு மிச்சமாகலாம்.

நம் ஊர் இங்கிலீஷ்

இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர் ஸ்கூல் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'எ' போட்டு 'எஸ்கூல்' என்பதைக் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்று கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, நாக்கு ஒரு உயிரைத் தேடும். ஸ்பானிஷ் நாக்கும் 'ஸ'வோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்கினால் அதையேதான் செய்கிறது. அந்தக் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே பிறந்த ஆசிரியர் புத்தகத்தில் படிக்க வேண்டும், உங்களுக்கு வீட்டிலேயே தெரியும். ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்றவர் என்பது உங்களுக்குப் பலம்.

திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு, அவை உச்சரிப்பு அழகு பற்றியவை இல்லை. கடைசி ஆங்கில எழுத்தை நாம் 'இஸட்' என்போம், இங்கே 'ஸீ'. பெயரில் அந்த எழுத்து உள்ள மாணவர் மருத்துவமனைக்குப் போன் செய்து பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது இது முக்கியம். தேதியில் மாதம் முதலில் வரும்; நம்மைப் போலவே அவர்களும் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள், அதனால் நீங்கள் மாற்றிக்கொண்ட விதத்தையே சொல்லிக் கொடுக்கலாம். அப்புறம் 15, 50. பதினைந்தில் கடைசி அசையை இழுக்க வேண்டும், ஐம்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும். என்னிடம் படித்த ஒருவர் மேலாளர் சொன்ன 5.15 மணியை 5.50 என்று கேட்டு, அரை மணிக்கு மேல் தாமதமாகப் போய் அன்றைய ஷிப்டை இழந்தார். இலக்கண விதி பத்து நடத்துவதைவிட இந்த இரண்டு எண்களை மாற்றி மாற்றிச் சொல்ல வைப்பது அவர்களுக்கு உடனே உதவும்.

அந்த அம்மா

இதைத்தான் நீங்கள் மனதில் சுமந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உள்ளதைச் சொல்கிறேன். பெரியவர்கள் வகுப்பை விட்டுப் போவதற்கு நூறு காரணம் இருக்கும்: ஷிப்ட் மாறும், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, கார் நின்றுவிடும். உங்கள் சொல்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அந்தச் சொல் வலித்திருக்கும்.

'ஈஸி' என்ற சொல்லை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். நாம் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறோம். கேட்கிறவருக்கு அது வேறாகக் கேட்கிறது: சுலபமானதே உனக்கு வரவில்லை என்று. அதோடு ஆறாம் வகுப்புப் பையனையும் சேர்த்துவிட்டீர்கள். ஐம்பத்திரண்டு வயதில், பத்துப் பதினைந்து அறைப் படுக்கைகளை விரித்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அது தாங்காது. "இது நிறையப் பேருக்குச் சிக்கலான இடம், சேர்ந்து பார்ப்போம்" என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும்.

குறுக்கு வழியும் அப்படித்தான். உங்களுக்குக் கணக்கு நன்றாக வரும், அதனாலேயே கை முந்துகிறது. தென் அமெரிக்காவின் பல நாடுகளில் வகுத்தல் கணக்கை நம்மைப் போலப் போட மாட்டார்கள். வகுக்கும் எண்ணை வலது பக்கம் எழுதுவார்கள். தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுகிற பழக்கமும் உண்டு. அந்த அம்மா தப்பாகப் போடுகிறார் என்று நீங்கள் நினைத்தது, அவர் பள்ளியில் கற்ற சரியான முறையாகவே இருந்திருக்கலாம். முதலில், "நீங்கள் எப்படிப் போடுவீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எனக்கு இந்தப் பத்து பழகவே இரண்டு வருடம் பிடித்தது.

ஒருமுறை உணவகச் சமையல்காரர் ஒருவர் முக்காலை அரைக்காலால் வகுக்கும் கணக்கில் அரை மணி நேரம் முட்டிக்கொண்டு நின்றார். நான் தலைகீழாக்கிப் பெருக்கும் விதியை மூன்று தடவை சொன்னேன், ஏறவில்லை. கடைசியில் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, "முக்கால் கப் சீரகம் வேண்டும், உங்கள் கையில் அரைக்கால் கப் கரண்டிதான் இருக்கிறது, எத்தனை தடவை அள்ளுவீர்கள்?" என்றேன். கை காற்றில் அள்ளத் தொடங்கியது. ஆறு என்றார். பிறகு அவரே பென்சிலை எடுத்து, விதி ஏன் ஆறு தருகிறது என்று தேடினார். உங்கள் அம்மாவும் அறிவொளியில் இப்படித்தான் செய்திருப்பார். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்கு மனு எழுதியதும், பெண்கள் சைக்கிள் பழகியதும் அந்தப் புதுக்கோட்டையில்தானே. அம்மாவிடம் போன் செய்து, முதல் நாள் எங்கே உட்கார்ந்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். என்னைவிட நல்ல பயிற்சி அங்கே கிடைக்கும். அமெரிக்காவிலும் இந்த வேலை பக்கத்து நாற்காலியில்தான் வளர்ந்தது. 1962இல் சிராக்யூஸ் நகரில் ரூத் கால்வின் தொடங்கிய தன்னார்வ எழுத்தறிவு அமைப்பு ஒரு தன்னார்வலரை ஒரு கற்பவரோடு உட்கார வைத்தே நாடு முழுக்கப் பரவியது; 2002இல் பிராங்க் லாபக் தொடங்கிய எழுத்தறிவு அமைப்போடு இணைந்து புரோலிட்டரசி என்ற அமைப்பானது. ரூத் கால்வின் 107 வயது வரை வாழ்ந்து 2024இல் மறைந்தார்.

சரி, 142க்கு வருவோம். அந்த அம்மாவிடம் போய்ச் சேர வேண்டிய விவரங்கள் இவை:

தேறிய பாடங்கள் தேறியவைதான். நான்கு பாடங்களில் கணக்கை மட்டும் மறுபடி எழுதினால் போதும். எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

ஜி.இ.டி. தேர்வை ஸ்பானிஷிலும் எழுதலாம். இதை நீங்கள் கவனித்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. கணக்குத் தாளில் கதை போல நீளும் கேள்விகள் நிறைய. அவர் தவறியது கணக்கிலா, அதைச் சொன்ன ஆங்கிலத்திலா என்று பழைய பயிற்சித் தாள்களை எடுத்துப் பாருங்கள். எண் மட்டும் உள்ளவை சரியாகவும் கதைக் கணக்குகள் தவறாகவும் இருந்தால் விடை தெரிந்துவிடும். கணக்கை மட்டும் ஸ்பானிஷில் எழுதுவது பற்றி, பதிவு செய்யும் முன் தேர்வு மையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

தேர்வு கணினியில். கால்குலேட்டரும் திரையிலேயே வரும், டி.ஐ.-30எக்ஸ்.எஸ். வகை. முதல் சில கேள்விகளுக்கு அது கிடையாது. சூத்திரத் தாள் கொடுத்துவிடுவார்கள், மனப்பாடம் செய்ய வேண்டாம். 115 நிமிடத்தில் மவுஸைத் தேடியே பத்து நிமிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மதிப்பெண் அங்கேயே கிடைக்கலாம்.

எழுதும் முன் ஜி.இ.டி. ரெடி என்ற அதிகாரபூர்வப் பயிற்சித் தேர்வை எழுதட்டும். தேறும் வாய்ப்பு எப்படி என்று அது காட்டும். தேறும் வாய்ப்பு அதிகம் என்பதற்கான பச்சை நிறம் வந்த பிறகு தேர்வுக்குப் பணம் கட்டினால் மனசும் தெம்பாக இருக்கும்.

ஒருங்கிணைப்பாளரிடம் அட்டைகளைத் திருப்பித் தரும்போதே, வேறு ஆசிரியர் வரும் வரை வகுப்பை நிறுத்தாமல் வேறு கிளையோடு சேர்த்து நடத்த முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது வழி இருக்கும், நீங்கள் சரி என்று சொல்லிவிட்டதால் தேடாமல் இருந்திருப்பார். ஆசிரியர் யாராக இருந்தாலும் அவருக்குக் கீழே உதவியாளராக உட்காருங்கள்.

அந்த அம்மாவின் எண் உங்கள் போனில் இருக்கிறது என்கிறீர்கள். நீங்களாக அழைக்க வேண்டாம். மாணவரை அழைப்பதற்கு அலுவலகத்துக்கு ஒரு முறை இருக்கும், அதன்படி அழைக்கட்டும். கூடவே உங்கள் கையால் ஒரு சின்ன அட்டை எழுதி அலுவலகம் மூலம் அனுப்புங்கள். எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி போதும், விளக்கம் எதுவும் வேண்டாம்: "அன்று நான் ஈஸி என்று சொன்னது தவறு, மன்னியுங்கள். உங்களிடம் 142 இருக்கிறது, இன்னும் மூன்றுதான் வேண்டும். நீங்கள் வகுக்கும் முறையை எனக்குக் காட்ட வேண்டும். வியாழன் ஆறரை மணிக்கு உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பேன்."